யூஃபோர்பியேசிக்குத் தமிழ்ப் பெயர்: ‘கள்ளிக் குடும்பம்’ ஏன் பொருந்தும்?

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

ஆமணக்கு, மரவள்ளி, ரப்பர், கள்ளி ஆகியவை அடங்கிய யூஃபோர்பியேசி என்னும் தாவரக் குடும்பத்துக்கு நம் கலைச்சொல் கலந்துரையாடலில் ஆமணக்குக் குடும்பம், பாற்செடிக் குடும்பம், முக்கூட்டுக்காய்க் குடும்பம், கள்ளிக் குடும்பம் என நான்கு பெயர்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. யூஃபோர்பியேசி என்ற ஒலிபெயர்ப்பே போதும் என்று ஐயா ஒருவர் எழுதியிருக்கிறார். என் வாக்கு கள்ளிக்கே. சற்று விரிவாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். இங்கே எந்த அடிப்படையை ஏற்கிறோமோ அதுவே இக்குடும்பத்தின் துணைக்குடும்பங்களுக்கும், இதிலிருந்து பிரிந்துபோன குடும்பங்களுக்கும் பெயரிடும் வழியாக அமையப்போகிறது.

முதலில் ‘பாற்செடி’. கிள்ளினால் பால் வருவது இக்குடும்பத்தின் அடையாளம் என்று பலரும் நினைப்பதால் இப்பெயர் இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் குப்பைமேனியைக் கிள்ளிப் பாருங்கள், பால் வராது. ஆமணக்கின் இலைக்காம்பை ஒடித்தாலும் நீர்தான் கசியும். காட்டாமணக்கை ஒடித்தால் வருவது வெண்பால் அன்று. ஊதினால் சோப்பு நீரைப் போலக் குமிழ் விடும் நீர்த்த சாறு. மறுபுறம் எருக்கு, ஆல், பப்பாளி, சப்போட்டா ஆகிய நான்கிலும் பால் உண்டு. நான்கும் இக்குடும்பம் அல்லாத நான்கு வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. உள்ளே இருப்பவற்றில் பாதியை விட்டுவிட்டு வெளியே இருப்பவற்றை இழுத்துக்கொள்ளும் பெயரை வகைப்பாட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

‘முக்கூட்டுக்காய்’ அதைவிட ஆழ்ந்து யோசித்த பெயர். தாவரப் பெயரிடலுக்கு அடித்தளமிட்ட லின்னேயஸே 1751இல் இத்தாவரங்களை மூன்று அறைக் காய்கள் என்ற பொருளில் ‘டிரைகாக்கே’ என்று தொகுத்தார். ஆமணக்குக் காய் முற்றி உலர்ந்ததும் மூன்று கூறுகளாகப் பிளந்து, கூறுக்கு ஒரு விதையாகத் தெறிக்கிறது. மரவள்ளி, ரப்பர், அம்மான் பச்சரிசி எல்லாவற்றுக்கும் இதே அமைப்புதான். ஆயினும் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கீழாநெல்லியின் இலைக்கு அடியில் தொங்கும் மிளகளவுகூட இல்லாத காயை நகத்தால் பிளந்து பார்த்தால் அதிலும் மூன்று அறைகள் இருக்கும். ஆனால் அறைக்கு இரண்டு விதைகள், ஆக ஆறு. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும் வகைப்பாட்டு வரலாறே அதன்மேல்தான் திரும்பியது. தாவரவியலாளர் கிரேடி வெப்ஸ்டர் 1975இல் இக்குடும்பத்தை ஐந்து துணைக்குடும்பங்களாகப் பிரித்தபோது, இரண்டில் அறைக்கு இரண்டு சூல்கள் (விதையாக வளர்பவை), மூன்றில் அறைக்கு ஒரு சூல் என்று கோடு கிழித்தார். பின்னர் மரபணு வரிசைகளை ஒப்பிட்டவர்கள், இரட்டைச் சூல் கொண்டவை தனிக் கிளைகள் என்று கண்டு அவற்றை வெளியேற்றினார்கள். கீழாநெல்லியும் அதன் சுற்றமும் ஃபில்லாந்தேசி என்னும் தனிக் குடும்பமாயின. பூக்கும் தாவரங்களை மரபுவழி உறவின்படி வகைப்படுத்தும் ஏ.பி.ஜி. என்னும் ஆய்வாளர் குழுவின் 2003ஆம் ஆண்டு வகைப்பாட்டில் அது இடம்பெற்றுவிட்டது. வெளியேறியவற்றுக்கும் மூன்றறைக் காய் உண்டு. உள்ளே நிற்கும் ஹூரா மரத்துக்கோ அறைகள் பத்துக்கும் மேல் போகலாம். மகரங்கா இனங்கள் பலவற்றில் இரண்டே அறைகள். ஆகவே முக்கூட்டுக்காய் என்பது காயின் வடிவத்தை விவரிக்கும் நல்ல கலைச்சொல். அதை அப்பணிக்கே வைத்துக்கொள்வோம். குடும்பப் பெயராக்க வேண்டாம்.

இனி, பலரும் விரும்பும் ‘ஆமணக்கு’. எல்லோருக்கும் தெரிந்த செடி, பொருளில் குழப்பமில்லாத சொல் என்று இங்கே அம்மையார் ஒருவர் எழுதியது முதற்பார்வைக்குச் சரியே. ஆனால் ஆமணக்கின் பேரினமான ரிசினஸில் இருப்பது ஒரே ஓர் இனம். சுமார் 6,500 இனங்கள் கொண்ட குடும்பத்துக்கு அது முகமாக நிற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. பேச்சுத் தமிழிலும் ஆமணக்கு ஓரிடத்தில் நிற்கும் சொல் அன்று: காட்டாமணக்கு, எலியாமணக்கு, பேயாமணக்கு என்று அது நீளும். இவற்றில் காட்டாமணக்கு ஜட்ரோஃபா பேரினம். அது குரோட்டனாய்டியே துணைக்குடும்பத்தில் இருக்க, ஆமணக்கோ அகாலிஃபாய்டியேயில் இருக்கிறது. இதைவிட முக்கியமான தடை ஒன்று உண்டு. தாவரப் பெயரிடல் விதிகளின்படி ஒரு குடும்பப் பெயர் அதன் வகைப் பேரினத்தோடு, அதாவது அப்பெயருக்கு அடிப்படையான பேரினத்தோடு, பிணைக்கப்பட்டது. குடும்பம் நாளை எத்தனை துண்டானாலும், யூஃபோர்பியா எந்தத் துண்டில் இருக்கிறதோ அதற்குத்தான் யூஃபோர்பியேசி என்ற பெயர் போகும். அகாலிஃபாய்டியேயை யாரேனும் தனிக் குடும்பமாக்கினால் ஆமணக்கு அதோடு போய்விடும். அப்போது ஆமணக்கு இல்லாத ஒரு குடும்பத்தை ஆமணக்குக் குடும்பம் என்று அழைத்துக்கொண்டிருப்போம்.

இது வெறும் கற்பனை என்று தள்ள வேண்டாம். இக்குடும்பத்துக்கு ‘நெல்லிக் குடும்பம்’ என்று 1975இல் ஒருவர் பெயர் வைத்திருந்தால் 2003இல் அவருக்கு அதுதான் நேர்ந்திருக்கும். இப்போது ஃபில்லாந்தேசிக்குப் பெயர் தேடுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: அங்கே வகைப் பேரினம் கீழாநெல்லியை உள்ளடக்கிய ஃபில்லாந்தஸ். நெல்லி மரத்தை அதிலிருந்து எம்பிளிகா என்று மீண்டும் தனிப் பேரினமாகப் பிரிக்கும் முன்மொழிவு ஏற்கெனவே வந்துவிட்டது. ஆகவே கேட்க எவ்வளவு இனிமையாக இருந்தாலும் நெல்லிக் குடும்பம் வேண்டாம். கீழாநெல்லிக் குடும்பம் என்பதே உறுதியானது.

அப்படியானால் யூஃபோர்பியாவுக்குத் தமிழ் என்ன என்ற ஒரே கேள்விதான் மிஞ்சுகிறது. அது கள்ளி. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி, கொம்புக்கள்ளி எல்லாம் யூஃபோர்பியா இனங்கள். இது நாம் இன்று உட்கார்ந்து செய்யும் பொருத்தமும் அன்று. ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த, மலபார்த் தாவரங்களை விவரிக்கும் ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் நூலில் ‘சதிதகள்ளி’, ‘எலகள்ளி’, ‘திருகள்ளி’ என்று மூன்று செடிகள் அடுத்தடுத்துப் படத்தோடு வருகின்றன. மூன்றும் இன்று நாம் யூஃபோர்பியா என்று அழைக்கும் செடிகளே. மலபார்க் கரையில் தகவல் சொன்னவர்கள் அந்தப் பேரினத்தைக் கள்ளி என்ற ஒரே சொல்லால் சேர்த்துப் பிடித்திருந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? லின்னேயஸ் 1753இல் யூஃபோர்பியா திருகள்ளி என்று இனப்பெயர் சூட்டியபோது அங்கிருந்துதான் சொல்லை எடுத்தார். மௌரித்தேனிய மன்னர் இரண்டாம் ஜூபாவின் மருத்துவர் யூஃபோர்பஸின் பெயரும் நம் கள்ளியும் அந்த ஈருறுப்புப் பெயரில் அருகருகே நிற்கின்றன.

கள்ளிக்கு எதிராகச் சொல்லப்பட்ட வலுவான காரணம் சப்பாத்திக்கள்ளி. இன்று கள்ளி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது காக்டஸ்தான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் குறுந்தொகையில் ‘கள்ளியங்காடு’ வரும் காலத்தில் இம்மண்ணில் காக்டஸ் கிடையாது. காக்டஸ் குடும்பம் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இலங்கை ஆகிய இடங்களில் இயற்கையாக வளரும் ரிப்சாலிஸ் இனம் ஒன்றே இதற்கு விலக்கு, அதுவும் மரத்தில் தொற்றித் தொங்கும் முள்ளற்ற செடி. பின்னால் வந்த செடிக்கு உருவ ஒற்றுமையால் முன்னிருந்த செடியின் பெயரை நம் மக்கள் அடைமொழி சேர்த்துக் கொடுத்தார்கள். அடைமொழியோடு வருவது காக்டஸ், வெறும் கள்ளி யூஃபோர்பியா என்று கலைச்சொல் பட்டியலில் வரையறுத்துவிட்டால் போதும்.

அந்த உருவ ஒற்றுமையையும் பாடநூலில் விளக்கத்தான் வேண்டும், ஏனெனில் அது உயிரியலில் ஒரு முக்கியமான பாடம். வறண்ட ஆப்பிரிக்காவில் கள்ளிகளும் வறண்ட அமெரிக்காவில் காக்டஸ்களும் தனித்தனியே இலையைச் சுருக்கித் தண்டில் நீரைச் சேர்த்து ஒரே தோற்றத்துக்கு வந்து சேர்ந்தன. அருகில் போய்ப் பார்த்தால் வேறுபாடு தெரியும். காக்டஸின் முட்கள் மெத்தை போன்ற சிறு திட்டிலிருந்து கொத்தாக எழும். சதுரக்கள்ளியின் முட்களோ விளிம்போரம் இரண்டிரண்டாக நிற்கும். பூ வந்துவிட்டால் ஐயமே இல்லை: காக்டஸில் பல இதழ்கள் கொண்ட பெரிய பூ, கள்ளியில் சிறு கிண்ணம் போன்ற ஒன்று.

அந்தக் கிண்ணத்துக்கும் ஒரு சொல் வேண்டும். சயாத்தியம் என்று ஒலிபெயர்த்து எழுதப்படுவதை இங்கே சிலர் ‘கிண்ணப்பூ’ என்று மாற்றியிருக்கிறார்கள். இதை நான் உறுதியாக எதிர்க்கிறேன், ஏனெனில் அது பூவே அன்று. லின்னேயஸும் அதை ஒரு பூவாக எண்ணியே, மகரந்தத்தாள்களை எண்ணிப் பன்னிரு தாள் வகுப்பில் வைத்தார். கைவில்லையை வைத்துப் பார்த்தால் நடுவில் காம்பு நீண்டு வெளியே வளைந்து தொங்கும் ஒரே ஒரு சூலகம் தெரியும். அதுவே ஒரு முழுப் பெண்பூ. அதைச் சுற்றியுள்ள ஒவ்வொரு மகரந்தத்தாளின் இடையிலும் ஒரு மூட்டு இருக்கும். மூட்டுக்குக் கீழே இருப்பது பூக்காம்பு, மேலே இருப்பது மகரந்தத்தாள். அதாவது ஒற்றைத் தாளாகச் சுருங்கிய ஓர் ஆண்பூ. பூவடிச் செதில்கள் ஒட்டி உருவான கிண்ணத்தின் விளிம்பில் தேன் சுரப்பிகள் அமைந்திருக்கின்றன. பல பூக்கள் கூடி ஒரே பூவாக நடிக்கும் இந்த அமைப்பைக் ‘கிண்ண மஞ்சரி’ என்பதே சரியாகச் சொல்லும். பூக்கொத்தைக் குறிக்கும் மஞ்சரி பாடநூல்களில் நிலைபெற்ற சொல்லும்கூட.

துணைக்குடும்பங்களுக்கு வகைப் பேரின விதியை அப்படியே பின்பற்றலாம். யூஃபோர்பியாய்டியே கள்ளித் துணைக்குடும்பம். அகாலிஃபாய்டியே குப்பைமேனித் துணைக்குடும்பம். குரோட்டனாய்டியே நேர்வாளத் துணைக்குடும்பம். கடைசியில் சொன்னதில் ஒலிபெயர்ப்பை நாடுவோர் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. வீட்டுத் தோட்டத்தில் ‘குரோட்டன்ஸ்’ என்று வளர்க்கப்படும் வண்ண இலைச் செடி குரோட்டன் பேரினமே அன்று. அது மலாய்த் தீவுக்கூட்டமும் பசிபிக்கும் சார்ந்த கோடியேயம். ஒலிபெயர்ப்பு குழப்பமற்றது என்ற வாதம் இங்கே உடைந்துவிடுகிறது. நேர்வாளம் என்றால் அந்தச் சிக்கல் இல்லை. (உண்ணியைக் குறிக்கும் கிரேக்கச் சொல் குரோட்டன் ஆயிற்று, உண்ணியைக் குறிக்கும் இலத்தீன் சொல் ரிசினஸ் ஆயிற்று, இரண்டுக்கும் விதையின் தோற்றமே காரணம்.)

தாவரங்களின் புவிப்பரவல் பற்றி இங்கே முன்மொழியப்பட்ட சொற்களுக்கு வருகிறேன். அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா ஆகிய மூன்றின் வெப்பமண்டலங்களிலும் இயற்கையாக வளரும் நேர்வாளம், குப்பைமேனி போன்ற பேரினங்களுக்கு ‘வெப்பமண்டல முழுப்பரவல்’ என்பதை ஏற்கிறேன். ஆப்பிரிக்காவிலிருந்து பசிபிக் வரை பரவியும் அமெரிக்காவில் இல்லாத மகரங்கா போன்றவற்றுக்குப் ‘பழவுலக வெப்பமண்டலப் பரவல்’ என்பது தவிர்க்க முடியாதது. ‘ஆசிய ஆப்பிரிக்க’ என்றால் ஆஸ்திரேலியாவும் தீவுகளும் விடுபடும். அமெரிக்காவுக்கு மட்டும் உரிய மரவள்ளி, ரப்பர் ஆகியவற்றின் பேரினங்களுக்குப் ‘புதுவுலக’ என்று சுற்றி வளைக்காமல் ‘அமெரிக்க வெப்பமண்டலம்’ என்றே எழுதலாம்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்பாக ‘இயற்பரவல்’ என்ற சொல்லும் அதற்கு இணையாக மனிதரால் நேர்ந்த பரவலைக் குறிக்கும் ‘பின்பரவல்’ என்ற சொல்லும் நமக்குத் தேவை. இக்குடும்பத்தில் இவ்விரண்டும் பிரித்தறிய முடியாதபடி கலந்து கிடக்கின்றன. ஹென்றி விக்காம் 1876இல் அமேசானிலிருந்து லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்த சுமார் 70,000 விதைகளிலிருந்து ஆசிய ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தது பலர் அறிந்த கதை. அறியாதவை வேறு. அம்மான் பச்சரிசி என்ற அச்சான தமிழ்ப் பெயர் கொண்ட செடியின் இயற்பரவல் அமெரிக்க வெப்பமண்டலம். நம் சொல்லையே இனப்பெயராகக் கொண்ட திருகள்ளியின் இயற்பரவலோ ஆப்பிரிக்கா. ஒரு செடிக்கு உள்ளூர்ப் பெயர் இருப்பதை அதன் பிறப்பிடத்துக்குச் சான்றாகக் காட்டும் வழக்கம் நம் கட்டுரைகளில் மிகுந்துவிட்டது. இரண்டு சொற்களையும் தனித்தனியே வரையறுத்தால் அது ஓரளவு குறையும். ‘வந்தேறி’ என்ற சொல்லில் வசைநெடி இருப்பதால் அதை இங்கே தவிர்க்கலாம்.

எஞ்சியிருப்பவை சில. ராஃப்லேசியா, அதாவது ஒரு மீட்டர் அகலம் வரை விரியும் பூவைக் கொண்ட ஒட்டுண்ணி, இக்குடும்பக் கிளைகளுக்கு இடையிலிருந்து கிளைத்தது என்று 2007இல் நிறுவப்பட்டது. அதை வகைப்பாட்டாளர்கள் தனிக் குடும்பமாகவே வைத்துக்கொள்ள விரும்பியதால் பெரா முதலிய சில பேரினங்களைப் பெரேசி என்று பிரிக்க வேண்டியதாயிற்று. பெராவுக்கும், சீலோசாய்டியே துணைக்குடும்பத்தின் சீலோசாவுக்கும் தமிழில் வழக்குப் பெயர் இல்லை. புதிதாக எதையும் கட்டாமல் ஒலிபெயர்ப்போடு விடலாம். இக்குடும்பத்திலிருந்து பிரிந்துபோன புத்திரஞ்சீவேசியைப் புத்திரஞ்சீவிக் குடும்பம் என்பதில் தடையில்லை. அதற்கு ‘வீரைக் குடும்பம்’ என்று முன்மொழிந்தவர் வீரை டிரைபீட்டஸ் பேரினத்தைச் சேர்ந்தது என்பதையும், வகைப் பேரினம் புத்திரஞ்சீவா என்பதையும் கருத்தில் கொண்டு மறுபடி எழுத வேண்டுகிறேன்.