மூடிக்கிடக்கும் எரிவாயு மின்நிலையம்: கூட்டு நிறுவனம் போட்டால் ஓடுமா?

மஞ்சக்குப்பத்தான்:
அமெரிக்க என்ரான் கம்பெனி மகாராஷ்டிரால கட்டிய தபோல் எரிவாயு மின்நிலையம் 2001 மே மாதம் நின்னது. அந்த டிசம்பர்ல என்ரானே திவால். 2005ல மத்திய அரசு மின் நிறுவனம் என்டிபிசியும் எரிவாயு நிறுவனம் கெயிலும் சேர்ந்து ரத்னகிரி கேஸ் அண்ட் பவர்னு கூட்டு நிறுவனம் போட்டு, மறு வருஷமே கரண்ட் எடுத்தாங்க. நாட்டுல இப்படிச் சும்மா கிடக்குற எரிவாயு நிலையங்கள் எத்தனையோ. தமிழ்நாடும் புதுச்சேரியும் ஒரு மத்திய நிறுவனத்தோட கைகோத்து ஒன்னை எடுத்து ஓட்டினா என்ன?

வில்லியனூர்வாசி:
பாதிக் கதையோட நிறுத்திட்டீங்களே அண்ணே. 1,967 மெகாவாட் நிலையம், கேஜி டி6ங்கிற கிருஷ்ணா-கோதாவரி கடல் வயல்ல கேஸ் குறைஞ்சதும் 2013ல திரும்பவும் படுத்துடுச்சு. 2015 கடைசில மானியத்துல இறக்குமதி கேஸ் கிடைச்ச பிறகுதான் ரயில்வேக்கு 500 மெகாவாட் கொடுத்தாங்க. கூட்டு நிறுவனம் கடனைத் திருத்தி எழுதும், பங்கைப் பிரிக்கும். கேஸைக் கொண்டுவராது.

மஞ்சக்குப்பத்தான்:
அன்னைக்கு இல்லாத எண்ணூர் டெர்மினல், அதான் கப்பல்ல வர்ற திரவ எரிவாயுவை இறக்குற இடம், இன்னைக்கு இருக்கே. 2019ல திறந்தது, வருஷத்துக்கு 50 லட்சம் டன். அங்கிருந்து வர்ற குழாய்த் திட்டத்துல புதுச்சேரி, நாகை, மதுரை எல்லாமே இருக்கு.

வில்லியனூர்வாசி:
குழாய் சரி, உள்ள வர்ற கேஸுக்கு விலை? ஒரு எம்எம்பிடியு (கேஸை விக்கிற வெப்ப அளவு) கேஸ்ல, டர்பைன் புகைச் சூட்டுலயும் கரண்ட் எடுக்குற நல்ல கம்பைன்ட் சைக்கிள் நிலையம் 130 யூனிட் பக்கம் எடுக்கும். இறக்குமதி கேஸ் 12 டாலர்னு வைங்க, எரிபொருள் மட்டுமே யூனிட்டுக்கு எட்டு ரூபாய் கிட்ட வருது. வரி, குழாய் வாடகை தனி. 2022 மாதிரி உக்ரைன் போர் வந்தா அந்தக் கணக்கும் போச்சு. பக்கத்துல நெய்வேலி பழுப்பு நிலக்கரியை வச்சுக்கிட்டு இந்த விலைக்கு யார் வாங்குவா?

தேவனாம்பட்டினம்:
உள்ளூர் கேஸ்னு யாரும் ஆரம்பிக்காதீங்க. காரைக்கால் 32.5 மெகாவாட் நிலையம் காவிரிப் படுகை கேஸை நம்பிக் கட்டினது. இப்ப தமிழ்நாட்டோட 2020 பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துல நம்ம கடலூர் மாவட்டத்துல அஞ்சு ஒன்றியம் இருக்கு, அங்க புது எரிவாயுக் கிணறுக்கு வழியே இல்ல. அப்புறம், சுடுதண்ணியைக் கடல்ல விடுவாங்களே, அதை எந்தக் கூட்டு நிறுவனம் பார்க்கும்?

பாதிரிப்புலியூர்_ஷிப்ட்:
வில்லியனூர் தம்பி, நீங்க 24 மணி நேரமும் ஓட்டுற கணக்குல பேசுறீங்க. சூரிய மின்சாரம் இறங்கி, வீட்டுல எல்லா ஏசியும் ஏறுற சாயங்காலம்தான் இதுக்கு வேலை. நிலக்கரி பாய்லர் குளிர்ந்துட்டா சூடேற்றவே பல மணி நேரம். கேஸ் டர்பைன் அரை மணிக்குள்ள லோடு எடுக்கும். மின் சந்தையில உச்சவரம்பு 10 ரூபாய், அந்த நேரத்துல பல நாள் அதைத் தொடுது. அங்க எட்டு ரூபாய் கரண்ட் கசக்காது.

ஆனா மெஷினைப் பத்தி இங்க ஒருத்தரும் பேசல. வருஷக்கணக்கா நின்ன நிலையத்துல ஜெனரேட்டர் இன்சுலேஷன்ல ஈரம் ஏறும், பாய்லர் குழாய் உள்ளுக்குள்ள துருப்பிடிக்கும். தபோல்லயே திரும்ப ஓட்டினதும் டர்பைன்கள் ஒன்னு மாத்தி ஒன்னு மக்கர் பண்ணுச்சு. தினமும் போட்டு நிறுத்தினா தேய்மானம் இன்னும் வேகம். பிரிச்சுப் பார்க்காம எந்த அரசும் பங்கு வாங்கக் கூடாது.

வில்லியனூர்வாசி:
சாயங்காலம் நாலு மணி நேரம்தான்னா மீதி இருபது மணி நேரத்துக்கும் நிலைக்கட்டணம் (ஓடாட்டியும் நிலையத்துக்குக் கொடுக்குற காசு) நம்ம பில்லுல வரும் சார். கேஸ் விக்கிறவரையே பங்குதாரரா உட்கார வச்சு, பத்து வருஷ விலையை எழுதி வாங்கட்டும். அப்ப ஒத்துக்கிறேன்.

பாதிரிப்புலியூர்_ஷிப்ட்:
தபோல்ல கெயில் பங்குதாரராத்தானே இருந்துச்சு?

மஞ்சக்குப்பத்தான்:
பங்குதாரரா இருந்தாங்க சார், ஆனா டி6 கேஸை யாருக்குத் தரணும்னு முடிவு பண்ணது டெல்லி. கேஸ் குறைஞ்சப்ப உரத் தொழிற்சாலைக்கு முன்னுரிமை போச்சு. இறக்குமதி கேஸுக்கு அந்த ஒதுக்கீடு கிடையாது. வில்லியனூர் கேட்ட பத்து வருஷ ஒப்பந்தத்தை அதுலதான் போட முடியும்.