ஏற்காடு பங்களா சாமான்ல கிடைச்ச படம், தாஹிட்டி சாவுச் சடங்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
சேலத்துல பழைய சாமான் கடையில ஃபிரேம் போட்ட படம் ஒன்னு வாங்கினேன்ங்க, ஏற்காட்டுல ஏதோ எஸ்டேட் பங்களாவ காலி பண்ணப்ப வந்ததாம். கறுப்பு வெள்ளை, எல்லாமே மெல்லிசு மெல்லிசா கோடு. கால் நட்ட மேடை மேல கூரை போட்டு பொணத்த வெச்சிருக்காங்க, பக்கத்துல மூஞ்சியே தெரியாம ஒரு ஆளு. கீழ இங்கிலீஷ்ல டூபாபோ, சீஃப் மோர்னர்னு இருக்கு. வீட்ல அம்மா பொணம் இருக்கற படத்த உள்ள கொண்டாராதன்னு ஒரே சண்டை. என்ன படம் இது?

குகை_முருகு:
தாஹிட்டிதான் ப்ரோ, பசிபிக் கடல்ல இருக்கற தீவு. டூபாபோன்னா பொணத்த வெக்கற அந்த மேடை, சீஃப் மோர்னர்னா துக்கத்த தலைமை தாங்கி நடத்தறவரு. இது இங்கிலீஷ் மாலுமி கேப்டன் குக்கோட ரெண்டாவது பயணம், 1772ல கிளம்பி 1775ல திரும்பினாங்க. கூடப் போன ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ் வரைஞ்சத வெச்சு லண்டன்ல வூலெட்னு ஒருத்தர் செப்புத்தகட்டுல செதுக்கினார், 1777ல வந்த குக் புத்தகத்துல இருக்கு. அந்தாளு மூஞ்சிய மறைக்கற முகமூடி முத்துச்சிப்பி ஓடு, நெஞ்சுல தொங்கறதும் சிப்பிய சன்னமா சீவி நூல்ல கோத்ததுதான், எத்தன பேரு எத்தன மாசம் உக்காந்து பண்ணாங்களோ. குக்கோட முதல் பயணத்துல என்ன குடுத்தாலும் தாஹிட்டிக்காரங்க இந்த துக்க டிரெஸ்ஸ விக்கல, 1774ல டோங்கா தீவுல இருந்து செவப்பு இறகு கொண்டுபோய் காட்டினதும் பத்து டிரெஸ் வரைக்கும் கை மாறிடுச்சு! அதுல ஒன்னு பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு.

மலைப்பாதை:
டிரெஸ் சரிதான், ஆனா படத்துல அந்தாளு போட்டோவுக்கு நிக்கற மாதிரி நிக்கறாரே, அங்கதான் எனக்கு இடிக்குது. நிஜத்துல அவரு ஒரு கையில சிப்பிய தட்டிக்கிட்டு இன்னொரு கையில சுறா பல்லு பதிச்ச கம்போட ஊரச் சுத்தி வருவாரு, கூட கரிய பூசிக்கிட்டு ஒரு கூட்டம், எதிர்ல மாட்டுனா அடிதான், அதனால ஜனம் வீட்ட போட்டுட்டு ஓடிரும். 1769ல குக்கோட முதல் பயணத்துல போன செடிகொடி ஆராய்ச்சிக்காரர் ஜோசப் பேங்க்ஸ் தன் டிரெஸ்ஸ கழட்டி கரி பூசிக்கிட்டு அவங்க கூடவே ஓடியிருக்காரு, டைரில எழுதியும் வெச்சிருக்காரு. பொம்பளைங்க சுறா பல்லால தலைய கீறி ரத்தம் வர அழுவாங்க, நம்மூர்ல மாரடிச்சு அழறாங்களே அந்த வேகம். லண்டன்ல உக்காந்து செதுக்கறவர் அத கண்ணால பாத்தாரா? புத்தகம் வாங்கற துரைமாருக்கு அமைதியா ஒரு சீனரி.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
யப்பா. ஒரிஜினலா இல்லையான்னு எப்படிங்க பாக்கறது?

குகை_முருகு:
லென்ஸ் வெச்சு பாருங்க, புள்ளி புள்ளியா தெரிஞ்சா பிற்காலத்து அச்சு. கோடு முழுசா ஓடி, படத்த சுத்தி தகடு அழுத்துன பள்ளம் ஒரு கட்டமா இருந்தா செப்புத்தகட்டுல அடிச்சதுதான். ஆனா அப்பவே மத்த நாட்டுக்காரங்களும் காப்பி செதுக்கி வித்திருக்காங்க, கீழ ஓரத்துல பொடி எழுத்துல வூலெட் பேரு இருக்கான்னு பாருங்க.

மலைப்பாதை:
மலை ஈரத்துல இருந்த படம், பின்னாடி அட்டைய கழட்டி பூஞ்சை இருக்கான்னு மொதல்ல பாருங்க, ஈரத்துணி போட்டு மட்டும் தொடச்சிராதீங்க.