ஜிடி86-க்கு 9 இன்ச் ரிம்: எந்த ஆஃப்செட் சரியாக உட்காரும்?

கேள்வி: சிவப்பு86

வணக்கம் நண்பர்களே. வண்டி 2015 டொயோட்டா ஜிடி86. கம்பெனி ரிம் 17×7 (விட்டம் × அகலம், இன்ச்சில்), ஆஃப்செட் +48 மி.மீ., டயர் 215/45 ஆர்17. சஸ்பென்ஷனில் இன்னும் கை வைக்கல. தினசரி ஓட்டம்தான், நடுநடுவே டிராக் டே போகும். முன்னும் பின்னும் ஒரே அளவில் நாலு ரிம் வேணும். கைக்கு எட்டுற தூரத்தில் ரெண்டு செட் இருக்கு:

ஒன்று, புது 17×9 +45. இன்னொன்று, பழைய 18×9.5 +22, விலை பாதிதான். ரெண்டுமே 5×100 பிசிடி (100 மி.மீ. வட்டத்தில் 5 நட் துளை). ரெண்டாவதை விற்கிறவர், "உரசினா ஒரு ஸ்பேசர் போட்டா சரியாப் போயிடும்"ங்கிறார். எதை எடுக்கலாம்? வாங்குறதுக்கு முன்னாடி எதை எல்லாம் அளக்கணும்?

பதில்: ஸ்ட்ரட்_டவர்

முதலில் அந்த ஸ்பேசர் பேச்சை விட்டுவிடுங்கள். ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) ரிம்முக்கும் நடுவே வைக்கும் தட்டு, அது சக்கரத்தை வெளியே மட்டும்தான் தள்ளும். +22 ரிம் ஏற்கெனவே ஃபெண்டருக்கு வெளியே நிற்கும். அதற்கு 10 மி.மீ. ஸ்பேசர் போட்டால் +12 ஆகும், இன்னும் மோசம். உள்பக்கம் ஸ்ட்ரட்டில் (சஸ்பென்ஷன் தூண்) உரசினால்தான் ஸ்பேசருக்கு வேலை உண்டு.

ஆஃப்செட் எண்ணை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது, ரிம் அகலத்தோடு சேர்த்துப் பார்க்கணும். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் உட்காரும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் இருக்கிறதோ அதுதான் ப்ளஸ் ஆஃப்செட். அகல வித்தியாசத்தில் பாதி உள்ளே போகும், பாதி வெளியே வரும். ஆஃப்செட் குறைந்த அளவு மொத்தமும் வெளியே போகும்.

7 இன்ச்சிலிருந்து 9 இன்ச் என்றால் 50.8 மி.மீ. கூடுது, பக்கத்துக்கு 25.4. ஆஃப்செட் 48-லிருந்து 45 ஆவதால் 3 மி.மீ. வெளியே நகரும். ஆக ரிம் விளிம்பு வெளியே 28.4, உள்ளே 22.4.

பல பேர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். பாடியில் முதலில் உரசுவது பெரும்பாலும் டயரின் பக்கச்சுவர்தான், அதனால் டயர் அகலத்தை வைத்தும் ஒருமுறை கணக்குப் போடுங்கள். 7 இன்ச் ரிம்மில் 215/45 சுமார் 213 மி.மீ. அகலம். 245/40 ஆர்17 டயரை 9 இன்ச்சில் மாட்டினால் சுமார் 253 வரும் (ரிம் அரை இன்ச் கூடினால் டயர் ஏறக்குறைய 5 மி.மீ. விரியும்). பாதியாக்கி ஆஃப்செட்டைக் கழித்தால் வெளிப்பக்க எல்லை, கூட்டினால் உள்பக்க எல்லை:

இப்போது இருப்பது: வெளியே 58.5, உள்ளே 154.5.
17×9 +45, 245 டயர்: வெளியே 81.5, உள்ளே 171.5. அதாவது 23 வெளியே, 17 உள்ளே.
18×9.5 +22, 245 டயர்: அகலம் சுமார் 258, வெளியே 107. இப்போதையதைவிட 48.5 மி.மீ. வெளியே!

இது ஃபெண்டரை வெட்டி, அகலமான ஃபெண்டர் பொருத்தினால்தான் அடங்கும். அதோடு சக்கரத்தின் நடுக்கோடு 26 மி.மீ. வெளியே போவதால் ஸ்க்ரப் ரேடியஸ் (ஸ்டீயரிங் அச்சு தரையைத் தொடும் இடத்துக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம்) மாறும்: பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் கையில் இழுக்கும், சாலையில் பள்ளம் இருக்கிற பக்கமெல்லாம் வண்டி ஓடப் பார்க்கும், வீல் பேரிங்குக்கும் சுமை கூடும். பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

17×9 +45 நல்ல தேர்வு, ஆனால் அப்படியே மாட்டி ஓட்டும் அளவு இல்லை. முன்பக்கம் ஸ்ட்ரட்டுக்கும் டயருக்கும் நடுவே இப்போது எத்தனை மி.மீ. இருக்கிறது என்று அளந்து சொல்லுங்கள். பின்பக்கம் டபுள் விஷ்போன் (மேலும் கீழும் கை வைத்த சஸ்பென்ஷன்), அங்கே உள்ளே அவ்வளவு நெருக்கடி இல்லை.

வெளிப்பக்கம் அளக்க, ஃபெண்டர் விளிம்பிலிருந்து ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, நூலுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். வண்டி சமதளத்தில் நிற்கணும், ஸ்டீயரிங் நேராக இருக்கணும். பிறகு இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, ஃபெண்டரும் பம்பரும் சேரும் மூலையைப் பாருங்கள். அகல டயர் முதலில் கடிப்பது அங்கேதான்.

பதில்: நட்டும்_போல்ட்டும்

மேலே சொன்ன கணக்கு சரி. மாட்டுகிற நாளில் தடுக்கி விழுகிற விஷயங்களை நான் சொல்கிறேன்.

ஜிடி86-இன் ஸ்டட் (நட் ஏறும் போல்ட்) 12×1.25, அதாவது 12 மி.மீ. தடிமன், 1.25 மி.மீ. மரை இடைவெளி. டொயோட்டா பெயர் இருந்தாலும் இந்த வண்டி சுபாருவோடு சேர்ந்து செய்தது, ஹப்பும் ஸ்டட்டும் அந்தப் பக்கத்து அளவு. மற்ற டொயோட்டா கார்களில் பெரும்பாலும் 12×1.5. கடையில் "டொயோட்டா நட்" என்று கேட்டு வாங்கினால் 1.5 கொடுத்துவிடுவார்கள். அதுவும் கையால் ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். அங்கே இம்பாக்ட் கன் வைத்தால் ஸ்டட்டின் மரை போய்விடும். நட் விரலாலேயே கடைசிவரை ஏறணும். ஏறவில்லை என்றால் நிறுத்துங்கள்.

கம்பெனி தராத வெளி ரிம் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு நட் கேட்கும். சிலது உருண்டை அடி கேட்கும். நட் துளையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ரிம்மின் நடுத்துளை, ஹப்புக்கு ஏற்றபடி, 56.1 மி.மீ. வெளி ரிம்மில் பல 73.1 இருக்கும். அந்த இடைவெளியை நிரப்ப 73.1-இலிருந்து 56.1 ஹப் ரிங் நாலு வாங்கிக்கொள்ளுங்கள். டிராக் போவதால் அலுமினியமே வாங்குங்கள், பிரேக் சூட்டில் பிளாஸ்டிக் ரிங் உருகி ஒட்டிக்கொள்ளும். ஹப்பில் உள்ள துருவைக் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு மாட்டணும். இல்லையென்றால் ரிம் முழுசாகப் படியாமல், எத்தனை தடவை பேலன்ஸ் செய்தாலும் ஸ்டீயரிங் நடுங்கும்.

நட் இறுக்கம் 120 நியூட்டன் மீட்டர், நட்சத்திர வரிசையில், டார்க் ரெஞ்சால். 80-100 கி.மீ. ஓடியதும் சக்கரம் ஆறிய பிறகு மறுபடி சரிபார்க்கணும்.

சிவப்பு86

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. 18-ஐ விட்டுட்டேன். முன்பக்கம் அளந்தேன்: டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் மிகக் குறுகிய இடத்தில் 22 மி.மீ., ரெண்டு பக்கமும் ஏறக்குறைய அதேதான். வெளியே ஃபெண்டர் நூலுக்கும் டயருக்கும் 20. கேம்பர் (சக்கரத்தோட சாய்வு) போல்ட் போட்டு மேல்பக்கம் உள்ளே சாய்ச்சா வெளியே சரியாகிடுமா?

பதில்: ஸ்ட்ரட்_டவர்

வெளியே சரியாகும், உள்ளே மாட்டிக்கொள்வீர்கள். 22-இல் 17 போனால் 5 மி.மீ. மிச்சம். கேம்பர் போல்ட் ஸ்ட்ரட்டும் நக்கிளும் (ஹப்பைத் தாங்கும் பாகம்) சேருமிடத்தில் வேலை செய்கிறது, அதனால் ஸ்ட்ரட் அசையாமல் சக்கரம் மட்டும் அதன் பக்கம் சாயும். ஒரு டிகிரிக்கு 3 முதல் 4 மி.மீ. இடைவெளி போய்விடும். மிஞ்சும் ஒன்றரை மி.மீ.-யை நம்பி டிராக்கில் வளைவு எடுக்கக் கூடாது, டயர் அதற்குமேல் வளையும்.

மேலே ஸ்ட்ரட் டவரில் போடுகிற கேம்பர் பிளேட் வாங்குங்கள். அதில் ஸ்ட்ரட்டும் சக்கரமும் சேர்ந்தே சாயும், உள் இடைவெளி மாறாது. முன்னால் மைனஸ் 2 டிகிரி வைத்தால் டயரின் மேல்பகுதி ஹப்பைவிட 11 மி.மீ. உள்ளே வரும், 23-இல் ஃபெண்டர் இடைவெளி 20 போக 3 மி.மீ. வெளியே நிற்பது மறைந்துவிடும். கேம்பர் மாற்றினால் டோவும் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் திரும்பி நிற்கும் கோணம்) மாறும், அலைன்மென்ட் கட்டாயம். பிளேட் போட்ட பிறகும் 5 மி.மீ. பயமாக இருந்தால் முன்னால் மட்டும் 3 மி.மீ. ஸ்பேசர் நியாயமானது. ஆனால் நட் குறைந்தது 10 சுற்றாவது ஏறணும்.

பிளேட் செலவு வேண்டாம் என்றால் 17×8 +45-க்கு இறங்குங்கள். 225/45 டயரோடு வெளியே 11.5, உள்ளே 5.5 மட்டும்தான் நகரும். உங்கள் அளவுகளுக்கு எதையும் தொடாமல் உட்காரும். தினசரி ஓட்டம்தான் அதிகம் என்றால் நான் இதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

பதில்: நட்டும்_போல்ட்டும்

ஒன்று விட்டுப்போச்சு. உங்களுடையது கம்பெனி பிரேக் என்றால் கவலையில்லை. பின்னாளில் பெரிய காலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் பாகம்) போடும் எண்ணம் இருந்தால், அதற்கு இடம் தருவது ஆஃப்செட் மட்டுமில்லை, ஸ்போக்கின் வளைவும்தான். ஒரே 17×9 +45-இல் ஒரு டிசைன் காலிப்பரைத் தாண்டும், இன்னொன்று இடிக்கும். காலிப்பர் தயாரிப்பாளர் தரும் அளவுப்படத்தை அட்டையில் ஒட்டி வெட்டி, ரிம்மின் உள்ளே ஹப் முகத்தில் வைத்துச் சுற்றிப் பாருங்கள். டயர் ஏற்றுவதற்கு முன்னால் செய்யணும், ஏற்றின ரிம்மைக் கடையில் திருப்பி வாங்க மாட்டார்கள்.