ஆங்கில வாக்கிய வகைகள்: புதிதாகப் படிப்பவர்களுக்கு எதிலிருந்து தொடங்குவது?

முதல்பாடம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஆங்கிலத்தை அடியிலிருந்து கற்றுக்கொள்ள வந்திருக்கும் ஒரு சின்னக் குழுவுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், வேலைக்குப் போகிற பெரியவர்களும் இருக்கிறார்கள். பெயர்ச்சொல், வினைச்சொல், முக்காலம் எல்லாம் ஓரளவு ஆகிவிட்டது. இப்போது வாக்கிய வகைகளுக்கு வந்ததும் பாடம் நகர மறுக்கிறது.

ஒரு புத்தகம் நான்கு வகை என்கிறது: டிக்லரேட்டிவ் (செய்தி), இன்டராகேட்டிவ் (கேள்வி), இம்பெரேட்டிவ் (கட்டளை), எக்ஸ்கிளமேட்டரி (வியப்பு). இன்னொன்று முதல் வகையை அசெர்ட்டிவ் என்று எழுதிவிட்டு, கடைசியில் ஆப்டேட்டிவ் என்று ஐந்தாவது ஒன்றையும் சேர்க்கிறது. மூன்றாவது புத்தகத்தில் இதில் எதுவுமே இல்லை, சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று வேறு மூன்று. "மொத்தம் எத்தனை வகை, எதைப் படித்தால் போதும்?" என்று கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான்.

அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. இன்டராகேட்டிவ் என்றால் என்ன என்று கேட்டால் வரையறையைத் தவறில்லாமல் ஒப்பிக்கிறார்கள், ஆனால் "நீங்கள் எங்கே போகிறீர்கள்?" என்பதை ஆங்கிலத்தில் கேட்கச் சொன்னால் "வேர் யூ ஆர் கோயிங்?" என்றுதான் வருகிறது. எந்த வரிசையில் சொல்லிக்கொடுக்கலாம்? இந்தப் பெயர்களெல்லாம் ஆரம்பத்திலேயே தேவையா? தமிழ் இலக்கணத்தோடு ஒப்பிட்டுச் சொன்னால் உதவுமா, குழப்புமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கரும்பலகை எழுதியது:

உங்கள் மூன்று புத்தகங்களும் சரியாகத்தான் சொல்கின்றன. அவை இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன, அவ்வளவுதான். இந்த வாக்கியம் என்ன வேலை செய்கிறது என்பது ஒரு கேள்வி: செய்தி சொல்கிறதா, கேட்கிறதா, செய்யச் சொல்கிறதா, வியக்கிறதா. எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது இன்னொரு கேள்வி, அங்கேதான் சிம்பிள் (தனியாக நிற்கும் ஒரே வாக்கியம்), காம்பவுண்ட் (சமமான வாக்கியங்கள் இணைந்தது), காம்ப்ளெக்ஸ் (ஒன்றுக்குள் இன்னொன்று துணையாக அடங்கியது) எல்லாம். எந்த வாக்கியத்தை எடுத்தாலும் இரண்டு கேள்விக்கும் பதில் இருக்கும். "இஃப் இட் ரெயின்ஸ், ஸ்டே ஹோம்" என்பது வேலையால் கட்டளை, கட்டமைப்பால் காம்ப்ளெக்ஸ். இதை மட்டும் ஒருமுறை பலகையில் காட்டிவிட்டால் "மொத்தம் எத்தனை" என்ற கேள்வி அடங்கிவிடும். ஆனால் இரண்டையும் ஒரே வாரத்தில் நடத்தாதீர்கள். முதலில் வேலை, அது கைக்கு வந்து நன்றாகப் பழகிய பிறகு கட்டமைப்பு.

அசெர்ட்டிவ், டிக்லரேட்டிவ் இரண்டும் ஒன்றுதான். ஆப்டேட்டிவ் என்பது "மே யூ லிவ் லாங்" மாதிரி வாழ்த்து, அதைத் தொடக்கக்காரர்களுக்கு இப்போதைக்கு விட்டுவிடலாம்.

நேரத்தை எல்லாம் கேள்வி வாக்கியத்தில் போடுங்கள். நம் ஆட்களுக்கு இடிக்கிற இடம் அதுதான், காரணமும் தெளிவு. தமிழில் "அவன் வந்தான்" என்பதைக் கேள்வியாக்க ஒரு ஆகாரம் போதும், "அவன் வந்தானா?" முடிந்தது. எந்தச் சொல்லைக் கேட்கிறோமோ அதன் மேல் அந்த ஆகாரத்தை ஏற்றலாம், "அவனா வந்தான்?" வரிசை மாற வேண்டிய அவசியமே இல்லை. ஆங்கிலத்தில் வரிசைதான் கேள்வி. அதனால் "வேர் யூ ஆர் கோயிங்" என்று சொல்பவர் கவனக்குறைவாக இருக்கிறார் என்று நினைக்காதீர்கள், அவர் தமிழ் வரிசையை நம்பிச் சொல்கிறார்.

நான் செய்வது இது. முதலில் "இஸ், ஆர், கேன், வில்" உள்ள வாக்கியங்கள் மட்டும். "ஷீ இஸ் எ டீச்சர்", இடம் மாற்றினால் "இஸ் ஷீ எ டீச்சர்?" இங்கேயே ஒரு பள்ளம் உண்டு: தமிழில் "அவர் ஆசிரியர்" என்பதில் இஸ்ஸுக்கு நிகரான சொல்லே கிடையாது, அதனால் பலர் "ஷீ டீச்சர்" என்று எழுதிவிடுவார்கள், அப்புறம் கேள்வியாக்க நகர்த்துவதற்கு எதுவுமே இருக்காது. செய்தி வாக்கியத்தில் இஸ் உறுதியாக உட்காரும்வரை கேள்விக்குப் போகாதீர்கள்.

அடுத்தது டூ, டஸ், டிட். பலகையில் "ஹீ ப்ளேஸ் கிரிக்கெட்" என்று எழுதி, ப்ளேஸின் கடைசி எழுத்தை எல்லோர் கண்முன்னும் அழித்து, அதே எழுத்தை வாக்கியத்தின் முன்னால் வரும் டஸ்ஸில் கொண்டுபோய் எழுதிக் காட்டுங்கள்: "டஸ் ஹீ ப்ளே கிரிக்கெட்?" இறந்தகாலமும் அப்படியே, வென்ட்டில் இருக்கும் காலம் டிட்டுக்குப் போய்விடுகிறது, மிஞ்சுவது கோ. "டிட் ஹீ வென்ட்?" என்பதைத் திருத்தும்போது "காலம் ஏற்கெனவே டிட்டில் இருக்கிறது, இரண்டாவது தடவை எதற்கு?" என்று கேளுங்கள், அவர்களே மாற்றிக்கொள்வார்கள்.

எங்கே, எப்போது, ஏன் எல்லாம் கடைசியில். அது புதிய விதி இல்லை, ஏற்கெனவே செய்து வைத்த கேள்வியின் தலையில் ஒரு சொல், அவ்வளவே. "ஆர் யூ கோயிங்?" என்பது சரளமாக வந்துவிட்டால் "வேர் ஆர் யூ கோயிங்?" தானாக வரும். ஒரு விலக்கு மட்டும் சொல்லி வையுங்கள்: யார் செய்தது என்று எழுவாயையே கேட்கும்போது டிட் வராது, "ஹூ கேம்?" தான்.

---

பெயரெச்சம் எழுதியது:

கரும்பலகை சொன்ன வரிசைக்கு என் ஓட்டும் உண்டு. நான் இரண்டாவது பாதியைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் தமிழ் இலக்கணம் உண்மையிலேயே கைகொடுப்பது அங்கேதான்.

சிம்பிள் என்றால் சின்ன வாக்கியம், காம்ப்ளெக்ஸ் என்றால் நீளமான வாக்கியம் என்ற எண்ணத்தை முதல் நாளே உடைத்துவிடுங்கள். "தி ஓல்ட் மேன் வித் எ லாங் ஸ்டிக் வாக்ட் ஸ்லோலி அக்ராஸ் தி வெட் ஃபீல்ட்" எவ்வளவு நீண்டாலும் சிம்பிள், வினை ஒன்றுதான். "ஐ நோ ஹீ லைட்" (அவன் பொய் சொன்னான் என்று எனக்குத் தெரியும்) நாலே சொல், ஆனால் காம்ப்ளெக்ஸ். இந்த இரண்டையும் மேலும் கீழுமாக எழுதி எது எந்த வகை என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பில் நல்ல சண்டை நடக்கும், அந்தச் சண்டை வேண்டும். முற்றுவினையை எண்ணச் சொல்லுங்கள். ஒன்று என்றால் சிம்பிள், அதற்கு மேல் என்றால் மற்ற இரண்டில் ஒன்று.

காம்ப்ளெக்ஸுக்கு நான் எப்போதும் தமிழிலிருந்துதான் போவேன். நாம் எச்சத்தால் சொல்வதை ஆங்கிலம் தனி வினையும் ஓர் இணைப்புச் சொல்லும் வைத்துச் சொல்கிறது. நமக்கு அந்தப் பொருள் வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும், அவர்களுக்கு அது முன்னால் தனிச் சொல்லாக வரும். மழையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வகுப்பே எடுக்கலாம்: பெய்தால் என்றால் இஃப், பெய்ததால் என்றால் பிகாஸ், பெய்தபோது என்றால் வென், பெய்வதற்கு முன் என்றால் பிஃபோர், பெய்தும் என்றால் ஆல்தோ, பெய்தாலும் என்றால் ஈவன் இஃப். தமிழ் வாக்கியத்தில் அந்த வாலைக் கோடிட்டுக் காட்டி, இதற்கு முன்னால் எந்தச் சொல் போட வேண்டும் என்று கேட்டால் பெரியவர்கள் மிக வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். "நேற்று வந்த பையன்" என்பதில் உள்ள வந்த, ஆங்கிலத்தில் பையனுக்குப் பின்னால் போய் "தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே" ஆகிவிடும். இதற்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் பயிற்சி வேண்டும்.

ஆல்தோ சொல்லிக்கொடுக்கும் அன்றே, அதே வாக்கியத்தில் பட் வராது என்பதையும் சொல்லிவிடுங்கள். "ஆல்தோ இட் ரெயின்ட், பட் வீ ப்ளேட்" என்பது பழகிவிட்டால் பிறகு மாற்றுவது கடினம்.

---

முதல்பாடம் எழுதியது:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. அந்த எழுத்தை அழித்து டஸ்ஸில் போடும் முறையை நாளைக்கே செய்து பார்க்கப் போகிறேன். இரண்டு சந்தேகம். படங்களில் "யூ ஆர் கமிங்?" என்று வரிசை மாற்றாமலே கேட்கிறார்களே, அது தவறா என்று ஒருவர் கேட்டார். இன்னொன்று, "டெல் மீ வேர் யூ ஆர் கோயிங்" என்பதில் வரிசை மாறவில்லையே என்று ஒரு பெண் கேட்டார், எனக்கு உடனே விளக்க வரவில்லை.

---

வரிவடிவம் எழுதியது:

அந்தப் பெண் கேட்டது அருமையான கேள்வி. "டெல் மீ வேர் யூ ஆர் கோயிங்" என்பது கேள்வி இல்லை, கட்டளை. போகும் இடத்தைப் பற்றிய பகுதி அதற்குள் ஒரு துணை வாக்கியமாக அடங்கிக் கிடக்கிறது, அப்படி அடங்கிவிட்டால் அது கேள்வி வரிசையை விட்டுவிட்டுச் செய்தி வரிசைக்குத் திரும்பிவிடும். "ஐ டோன்ட் நோ வேர் ஹீ இஸ்" என்பதும் இதே கதைதான். ஆக உங்கள் மாணவர்கள் சொல்லும் "வேர் யூ ஆர் கோயிங்" தனியாக நின்றால்தான் பிழை. ஆனால் நேரடிக் கேள்வி நன்றாகப் பழகும்முன் இதை எல்லோருக்கும் சொல்ல வேண்டாம், கேட்டவருக்கு மட்டும் தனியாகச் சொல்லுங்கள்.

"யூ ஆர் கமிங்?" தவறில்லை. பேச்சில் குரலை உயர்த்தி, ஆமாம் என்ற பதிலை எதிர்பார்த்தோ வியப்போடோ கேட்பது அப்படி. எழுத்திலும், முன்பின் தெரியாதவரிடம் பேசும்போதும் வரிசை மாற்றிக் கேட்பதே பாதுகாப்பு என்று சொல்லிவிடுங்கள்.

பெயரெச்சம் சொன்னதில் ஒரு திருத்தம். வினையை மட்டும் எண்ணினால் "ஹீ கேம் அண்ட் சேட் டவுன்" மாட்டிக்கொள்ளும். வினை இரண்டு, எழுவாய் ஒன்று, ஆங்கிலப் பாடநூல் கணக்கில் இது சிம்பிள்தான். "ஹீ கேம் அண்ட் ஷீ லெஃப்ட்" காம்பவுண்ட். எண்ண வேண்டியது எழுவாயும் வினையும் சேர்ந்த ஜோடியை. தமிழில் ஓர் எழுவாய் பல பயனிலை கொண்டு வந்தால் தொடர் வாக்கியம் என்று பள்ளியில் படித்திருப்பார்கள், அதை அப்படியே காம்பவுண்டுக்கு ஒட்டவைத்தால் இந்த இடத்தில் கணக்கு உதைக்கும். அண்ட் இருந்தாலே காம்பவுண்ட் என்று மனப்பாடம் செய்தவர்களுக்கும் இதே எடுத்துக்காட்டு மருந்து.

---

பெயரெச்சம் எழுதியது:

சரியான திருத்தம், ஜோடியை எண்ணுவதுதான் முறை. நானும் இனி வகுப்பில் அப்படியே சொல்கிறேன்.

---

கரும்பலகை எழுதியது:

கட்டளையும் வியப்பும் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் இதையும் சேர்க்கிறேன். கட்டளை நம்மவர்களுக்கு எளிது, எழுவாய் மறைந்திருப்பது தமிழிலும் உண்டு. ஆனால் வா, வாருங்கள் என்ற வேறுபாட்டை ஆங்கில வினை காட்டாது, மரியாதையை ப்ளீஸ் போன்ற சொல்லும் குரலும்தான் சுமக்க வேண்டும். இன்னும் மென்மையாகச் சொல்ல "குட் யூ கம்?" என்று கேள்வி வடிவத்துக்கே போய்விடுவார்கள். பெரியவர்களுக்கு வேலையிடத்தில் முதலில் தேவைப்படுவது இதுதான், கட்டளைப் பாடத்தோடு சேர்த்தே கொடுங்கள். எதிர்மறைக்கு எப்போதும் டோன்ட், "டோன்ட் பி லேட்" உட்பட.

வியப்பில், ஆச்சரியக்குறி போட்டதெல்லாம் எக்ஸ்கிளமேட்டரி என்று நினைப்பார்கள். "ஸ்டாப்!" கட்டளைதான். உண்மையான வியப்பு வாக்கியம் வாட் அல்லது ஹவ் கொண்டு தொடங்கும், ஆனால் வரிசை மாறாது. "ஹவ் டால் தி ட்ரீ இஸ்!" என்பது வியப்பு, "ஹவ் டால் இஸ் தி ட்ரீ?" என்பது உயரம் கேட்பது. அதே ஐந்து சொல், கடைசி மூன்றின் வரிசை மட்டும் மாறியிருக்கிறது. கேள்விப் பாடம் முடிந்ததும் இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லி, எது எது என்று காதால் கேட்டே பிரிக்கச் சொல்லுங்கள். அதில் தேறிவிட்டால் அன்றைக்கே நான்கு பெயர்களையும் பலகையில் எழுதிவிடலாம்.