கைமாற்றாகக் கொடுத்த மூன்று லட்சம், கையில் புரோநோட்டு. என்ன செய்யலாம்?

திண்டுக்கல்காரன்:
2023 செப்டம்பரில் கூட வேலை பார்த்தவருக்கு மூன்று லட்சம் கைமாற்றாகக் கொடுத்தேன், எல்லாமே வங்கி வழியாக. புரோநோட்டில் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி அதன் மேலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார். தேதி போடாத செக் ஒன்றும் கொடுத்தார். இதுவரை பைசா வரவில்லை. கேட்டால் "அண்ணே, ஊர்ல இருக்கிற நிலத்தை வித்ததும் செட்டில் பண்ணிடுறேன்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். ஸ்டேஷனில் புகார் கொடுக்கலாமா? இந்த செப்டம்பரோடு மூன்று வருடம் ஆகிறது.

கோர்ட்வாசல்:
ஸ்டேஷனில் பெரும்பாலும் இது சிவில் மேட்டர் என்று அனுப்பிவிடுவார்கள். வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் அது மோசடி.

உங்களுக்கு முதல் எதிரி அந்தத் தேதிதான். புரோநோட்டுக்கு எழுதிய நாளிலிருந்து மூன்று வருடம், அதற்குள் வழக்குப் போட வேண்டும். வக்கீல் நோட்டீஸ் விட்டால் காலம் நீளும் என்று பலர் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், நீளாது சார். அவர் ஐயாயிரமோ பத்தாயிரமோ கொடுத்து, புரோநோட்டின் பின்பக்கம் தேதியோடு வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும், அதுவும் கெடு முடிவதற்குள் நடக்க வேண்டும். வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள், ஆனால் அதை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள்.

மலைக்கோட்டை:
செக்கை ஏன் சும்மா வைத்திருக்கிறீர்கள்? அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுதானே, தேதி எழுதிப் போடலாம், வெற்று செக்காக இருந்தாலும் செல்லும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போடுங்கள். பணமில்லாமல் திரும்பி வந்தால் வங்கி தரும் மெமோ கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது அவர் கைக்குப் போனதும் 15 நாள் அவகாசம், அப்புறம் ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் செக் திரும்பியதற்கான 138-ஆவது பிரிவுப் புகார். ஒரு நாள் தவறினாலும் தலைவலி. கடன் காலாவதியானபின் செக்கைப் போட்டால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

திண்டுக்கல்காரன்:
நன்றி. சிவில் வழக்குக்கு கோர்ட் ஃபீஸ் ரொம்ப ஆகுமா?

கோர்ட்வாசல்:
தமிழ்நாட்டில் முன்பு ஏழரை சதவீதம், 2017-இல் மூன்றாகக் குறைத்துவிட்டார்கள். மூன்று லட்சத்துக்கு ஒன்பதாயிரம், வட்டி கேட்டால் அதற்கும் சேர்த்து. லோக் அதாலத்தில் சமரசமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

அந்த நிலத்தை விட்டுவிட்டோமே! இன்றைக்கே ஆன்லைனில் வில்லங்கச் சான்று (நிலத்தின் பத்திரப்பதிவு விவரம்) போட்டுப் பாருங்கள், இன்னும் அவர் பெயரில் இருக்கிறதா என்று. இருந்தால் வழக்கோடு சேர்த்தே தீர்ப்புக்கு முந்திய ஜப்தி (தீர்ப்பு வரும்வரை நிலத்தை முடக்கி வைக்கும் உத்தரவு) கேட்டு மனுப் போடச் சொல்லுங்கள். விற்கும் எண்ணம் கடனை ஏய்க்கத்தான் என்று கோர்ட்டுக்குக் காட்ட வேண்டும். நிலம் கைமாறிவிட்டால் டிகிரியை (கோர்ட் தரும் தீர்ப்பாணையை) வைத்துக்கொண்டு எதை ஜப்தி செய்வீர்கள்?