ஜிபிஎஸ் இல்லாமல் வழி கண்டுபிடிக்க சிமுலேட்டரில் பழக முடியுமா?

ரெய்னியர்_தெற்கு

எல்லாருக்கும் வணக்கம். சியாட்டில் பக்கம் இருக்கிறேன். பகலில் சாஃப்ட்வேர் வேலை, ராத்திரியில் கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் என்று பல வருஷமாக ஓடுகிறது. எஃப்எஸ்எக்ஸில் ஆரம்பித்து எக்ஸ்-பிளேன், இப்போது எம்எஸ்எஃப்எஸ். ஜி1000 என்ற டிஜிட்டல் விமானப் பேனலின் திரையில் எந்தப் பட்டன் எங்கே என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

போன கோடையில் நிஜமாகவே பிரைவேட் பைலட் பயிற்சிக்குச் சேர்ந்தேன். விமானம் பழைய செஸ்னா 172, வட்ட டயல்கள். ஒரு ஜிபிஎஸ் இருக்கிறது, ஆனால் பயிற்றுநர் கிளம்பும்போதே அதன் மேல் ஒரு காகிதத்தை ஒட்டிவிடுகிறார். அடுத்ததாக எங்கள் வாஷிங்டன் மாநிலத்தில் ஒலிம்பியாவிலிருந்து கெல்சோ வரை வரைபடம், கடிகாரம், திசைகாட்டி மட்டும் வைத்துப் போக வேண்டுமாம். தேர்விலும் இது உண்டு: வழியில் தரையில் அடையாளமாக வைத்த ஒவ்வொரு செக்பாயிண்டுக்கும் நான் சொன்ன நேரத்திலிருந்து 5 நிமிஷத்துக்குள் போய்ச் சேர வேண்டும், ஹெடிங், அதாவது விமானத்தின் மூக்கு பார்க்கும் திசை, 15 டிகிரிக்கு மேல் விலகக் கூடாது, உயரம் 200 அடிக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது.

இரண்டு கேள்வி. ஒன்று, ஐபேடில் எல்லாம் வரும் காலத்தில் இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? இரண்டாவது, வேண்டும் என்றால் வீட்டில் சிமுலேட்டரை வைத்து உருப்படியாகப் பழக முடியுமா, இல்லை அது கெட்ட பழக்கத்தைத்தான் வளர்க்குமா? மணிக்கு இவ்வளவு டாலர் என்று கட்டிக்கொண்டு மேலே போய் முழிக்க மனசு வரவில்லை.

இரட்டைத்திரை

என் பதில் பலருக்குப் பிடிக்காது. தேர்வுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு படியுங்கள், பாஸ் ஆகுங்கள், அப்புறம் ஜிபிஎஸ் வைத்துப் பறங்கள். பென்சிலால் கோடு போட்டு, இ6பி என்ற கணக்கு வட்டத்தைத் திருகிக்கொண்டு போவது ஒரு பொழுதுபோக்கு, நானும் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் ஊரில் சீ-டாக் விமான நிலையத்தின் கிளாஸ் பி வான்வெளி (அனுமதி இல்லாமல் நுழையக் கூடாத பகுதி) ஒரு பக்கம், ஒலிம்பியாவுக்கு வடகிழக்கே ராணுவத்தின் தடைப்பகுதி இன்னொரு பக்கம். அங்கே "அந்த ஏரி இதுவாகத்தான் இருக்கும்" என்று குத்துமதிப்பாகப் பறப்பவரைவிட, நகரும் வரைபடத்தில் தன் விமானத்தைப் பார்த்துக்கொண்டு பறப்பவரைத்தான் நான் நம்புவேன். என்னிடம் ஒரு ஐபேட், அது போனால் கைபேசி, அதுவும் போனால் பேனலில் ஒன்று. மூன்றும் ஒரே நேரத்தில் போகாது.

காற்றுமுக்கோணம்

@இரட்டைத்திரை தம்பி, மூன்று கருவியும் ஒரே நேரத்தில் போகாதுதான். ஆனால் மூன்றும் கேட்பது ஒரே செயற்கைக்கோள் சமிக்ஞையைத்தானே. 2022 ஜனவரியில் டென்வரைச் சுற்றி 33 மணி நேரம் போல ஜிபிஎஸ் குழம்பிப்போனது. 2024-ல் எஸ்டோனியாவின் டார்ட்டு நகரத்துக்குப் போன விமானங்களை ஃபின்னேர் ஒரு மாதம் நிறுத்தி வைத்ததும் இதே தொல்லையால்தான். அங்கே இறங்கும் முறையே ஜிபிஎஸ்ஸை நம்பி இருந்தது. ஐபேட் கதை இன்னும் சுலபம், கோடை வெயிலில் கண்ணாடிக்கு அடியில் கொஞ்ச நேரம் இருந்தால் சூடாகி அதுவே அணைந்துவிடும். தடைப்பகுதி விஷயத்தில் நீங்கள் சொல்வதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். எல்லையைத் தொடாமல் போக நகரும் வரைபடத்தை மிஞ்சியது எதுவும் இல்லை.

@ரெய்னியர்_தெற்கு, நான் அமெரிக்காவில் பயிற்சி முடித்து அங்கேயே கொஞ்ச காலம் சொல்லிக்கொடுத்தவள். சிமுலேட்டரிலிருந்து வருகிறவர்களிடம் நான் பார்க்கும் பெரிய சிக்கல், கண் பேனலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், ஜன்னலுக்கு வெளியே போகாது. அதற்கடுத்த சிக்கல்தான் உங்கள் கேள்விக்கு நேரடியாக வருவது. வெளியே ஒரு ஊரைப் பார்ப்பார்கள், உடனே வரைபடத்தில் அந்த ஊரைத் தேடுவார்கள். இப்படித் தேடினால் கட்டாயம் ஏதாவது ஒரு ஊர் பொருந்திவிடும், ஏனென்றால் நாம் பொருத்தியே தீருவோம். ஆறு இந்தப் பக்கம்தான் வளைகிறது, ரயில் பாதை போலவும் ஏதோ தெரிகிறது, சரி இதுதான் என்று முடிவு கட்டிவிட்டு அடுத்த பத்து நிமிஷம் தவறான இடத்திலிருந்து கணக்குப் போடுவோம். வரிசையைத் திருப்ப வேண்டும். முதலில் கடிகாரம், அப்புறம் வரைபடம், கடைசியில்தான் தரை. கிளம்பி 11 நிமிஷம் ஆகிவிட்டது, அப்படியானால் நான் இங்கே இருக்க வேண்டும், வலப்பக்கம் இது தெரிய வேண்டும், தெரிகிறதா? தெரியாவிட்டால் பொருத்திப் பார்க்காதீர்கள், ஹெடிங்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த குறிக்குப் போங்கள்.

உங்கள் பாதையையே எடுத்துக்கொள்வோம், பாடம் நடத்துவதற்கென்றே வரைந்த மாதிரி இருக்கிறது. ஒலிம்பியாவும் கெல்சோவும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. அதனால் உண்மை வடக்கை வைத்துப் பார்த்தால் பாதை நேராக 180 டிகிரி, தூரம் சுமார் 51 நாட்டிக்கல் மைல். அங்கே காந்த மாறுபாடு, அதாவது உண்மை வடக்குக்கும் திசைகாட்டி காட்டும் வடக்குக்கும் உள்ள வித்தியாசம், சுமார் 15 டிகிரி கிழக்கு, கழித்தால் 165. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தரையிலிருந்து 3,000 அடிக்கு மேல் பறக்கும்போது உயரத்தைத் தேர்ந்தெடுப்பது காந்தப் பாதையை வைத்து. 180-லிருந்து 359 வரை என்றால் இரட்டைப்படை ஆயிரமும் 500-ம், அதற்குக் கீழே ஒற்றைப்படை ஆயிரமும் 500-ம். வரைபடத்தில் அளந்த 180-ஐ அப்படியே வைத்து 4,500-க்கு ஏறினால் தப்பு, உங்களுக்கு 5,500.

இப்போது காற்று. மேலே 240 டிகிரி திசையிலிருந்து 20 நாட் (மணிக்கு 20 நாட்டிக்கல் மைல்) என்று முன்னறிவிப்பு சொல்கிறது என்று வையுங்கள். முன்னறிவிப்பில் வரும் மேல்காற்று உண்மை வடக்குக் கணக்கு. ஓடுதளத்தில் கோபுரம் வாயால் சொல்லும் காற்று காந்தக் கணக்கு. இரண்டையும் கலக்காதீர்கள். உங்கள் வேகம் 105 நாட் என்றால் மூக்கை வலப்பக்கம் 9, 10 டிகிரி திருப்ப வேண்டும். ஹெடிங் 175-க்குப் பக்கம், தரைவேகம் 94-க்குப் பக்கம், மொத்தம் 33 நிமிஷம். ஏறும்போது ஆகும் கூடுதல் நேரத்தைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குறிகள்: 11-ஆவது நிமிஷத்தில் செஹாலிஸ் ஓடுதளம், ஐ-5 நெடுஞ்சாலையை ஒட்டினாற்போல, வலப்பக்கம் 3 மைலுக்குக் கொஞ்சம் கூடுதலாக. 19-ஆவது நிமிஷத்தில் டொலீடோ ஓடுதளம், இடப்பக்கம் 4 மைல். அப்புறம் கௌலிட்ஸ் ஆறு கூடவே வந்து கொலம்பியா பேராற்றில் கலக்கும் இடத்தில் கெல்சோ. காற்றைத் திருத்தாமல் 165-லேயே போயிருந்தால் செஹாலிஸ் வலப்பக்கம் 6 மைலுக்கு மேல் தள்ளித் தெரியும். அதாவது 18 மைலில் 3 மைல் கிழக்கே நழுவியிருக்கிறீர்கள். 60 மைலுக்கு ஒரு மைல் என்றால் ஒரு டிகிரி என்ற கணக்குப்படி 10 டிகிரி பிழை. மீதி 33 மைலில் அந்த 3 மைலையும் மீட்க இன்னொரு 5, 6 டிகிரி. ஆக வலப்பக்கம் 15, 16 திருப்பினால் நேரே கெல்சோ. இ6பி எடுக்கவே வேண்டாம், மனக்கணக்கு போதும். எதுவுமே செய்யாமல் விட்டால் கடைசியில் 9 மைல் போல கிழக்கே இருப்பீர்கள், செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை இருக்கும் திசையில். மலை இன்னும் 20 மைல் தள்ளித்தான் இருக்கிறது, ஆனால் கீழே சாலையும் ஊரும் இருக்காது, காடும் மேடும்தான். அடையாளம் எதுவும் கிடைக்காது.

இதை வீட்டில் தாராளமாகப் பழகலாம். எம்எஸ்எஃப்எஸ்ஸில் ஊர்ப்பெயர் மிதக்கும் குறிகளை அணையுங்கள், விஎஃப்ஆர் மேப்பைத் திறக்காதீர்கள், ஜி1000 இல்லாத விமானத்தை எடுங்கள். 2020 பதிப்பென்றால் அடிப்படைத் தொகுப்பிலேயே செஸ்னா 152 இருக்கிறது, வேகமும் உங்கள் 172-க்குப் பக்கம்தான். எக்ஸ்-பிளேனில் 172-க்கு டயல் வைத்த வடிவமே உண்டு, ஆனால் அதிலும் ஒரு ஜிபிஎஸ் உட்கார்ந்திருக்கும், பார்க்காதீர்கள். காற்றைக் கையால் போடுங்கள், ஆனால் உங்களுக்கே தெரியாதபடி: வீட்டில் யாரையாவது கூப்பிட்டு முன்னறிவிப்பிலிருந்து 30 டிகிரியும் 10 நாட்டும் மாற்றிவைக்கச் சொல்லுங்கள். நீங்களே போட்ட காற்றில் பறந்தால் கணக்கு எப்போதும் அழகாகத்தான் வரும்.

சிமுலேட்டரில் கிடைக்காதவையும் உண்டு. அமெரிக்கச் சின்ன ஊர்களில் தண்ணீர்த் தொட்டியில் ஊர்ப்பெயரைப் பெரிதாக எழுதியிருப்பார்கள், தொலைந்தவனுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை, சிமுலேட்டரில் அது பெரும்பாலும் இருக்காது. மானிட்டரில் பார்வைக்கோணமும் குறுகல். இறக்கைக்குக் கீழே குனிந்து பார்ப்பது போன்றவற்றை மேலே போய்த்தான் பழக வேண்டும். தூரத்தை மதிப்பிடுவதும் அப்படித்தான், ஜூம் கொஞ்சம் மாறினாலே 3 மைல் 5 மைலாகத் தெரியும்.

பழையமுள்

அக்கா சொன்னதெல்லாம் சரி, ரேடியோ அலையால் திசை காட்டும் விஓஆரை மட்டும் விட்டுவிட்டார்கள், அதனால் நான் வந்தேன். ஒலிம்பியாவிலேயே ஒரு விஓஆர் நிலையம் இருக்கிறது, அலைவரிசை 113.4. செயற்கைக்கோள் சம்பந்தமே இல்லாத தரை நிலையம். வைத்ததும் முதல் வேலை மோர்ஸ் ஒலியைக் கேட்டு உறுதி செய்வது: ஓ என்றால் மூன்று நெடில், எல் என்றால் குறில் நெடில் குறில் குறில், எம் என்றால் இரண்டு நெடில். நிலையம் பழுதுபார்ப்பில் இருந்தால் இந்த ஒலி வராது, முள் மட்டும் எதையாவது காட்டிக்கொண்டிருக்கும். சிமுலேட்டர்காரர்கள் இதைச் செய்வதே இல்லை, அங்கே நிலையம் என்றைக்கும் பழுதாவதில்லை அல்லவா.

தெற்கே போகும்போது பாதையைத் தேர்ந்தெடுக்கும் ஓபிஎஸ் குமிழில் 165-ஐ வைத்தால் கருவியில் உள்ள கொடி 'ஃப்ரம்' (நிலையத்திலிருந்து விலகி) காட்ட வேண்டும். முள் இடப்பக்கம் போனால் நீங்களும் இடப்பக்கம் போக வேண்டும். மறந்துபோய் 345-ஐ வைத்துவிட்டால் கொடி 'டு' (நிலையத்தை நோக்கி) என்று மாறும், முள்ளும் தலைகீழாகும், திருத்தத் திருத்த இன்னும் விலகிப் போவீர்கள். முள் ஓரத்தில் முட்டி நின்றால் 10 டிகிரி விலகல், ஒவ்வொரு புள்ளியும் 2 டிகிரி. கெல்சோ தூரத்தில் ஒரு டிகிரி என்பது ஒரு மைலுக்குக் கொஞ்சம் குறைவு, ஆக ஒரு புள்ளி விலகினால் ஒன்றே முக்கால் மைல் போல. மலை மறைத்தால் சமிக்ஞை போய்விடும், அதனால் உயரம் முக்கியம்.

இன்னொன்று. நிலையத்திலிருந்து ஒவ்வொரு டிகிரிக்கும் கிளம்பும் கோடுகளை, அதாவது ரேடியல்களை, ஒரு காலத்துக் காந்த மாறுபாட்டை வைத்து நிறுத்துகிறார்கள், காந்த வடக்கு நகர நகர அதை உடனுக்குடன் திருப்புவதில்லை. அதனால் கோட்டின் மேலேயே போனாலும் ரேடியல் எண்ணும் உங்கள் திசைகாட்டிக் கணக்கும் சில டிகிரி ஒத்துப்போகாமல் இருக்கலாம். பயப்பட வேண்டாம், புறப்படும் முன் வரைபடத்தில் நிலையத்தைச் சுற்றி அச்சிட்ட வட்டத்தில் உங்கள் கோடு எந்த எண்ணை வெட்டுகிறது என்று பார்த்து அதையே வையுங்கள்.

அமெரிக்காவில் 900-க்குச் சற்றுக் குறைவாக இருந்த விஓஆர்களை 2030-க்குள் சுமார் 590 ஆகக் குறைக்கத் திட்டம். அத்தனையையும் மூடாமல் இவ்வளவை வைத்திருப்பதே ஜிபிஎஸ் போனால் எல்லாரையும் பத்திரமாக இறக்கத்தான். தரை நிலையங்களை வைத்து ஓடிய பழைய ரேடியோ வழிகாட்டி முறையான லோரான்-சி-யை அமெரிக்காவில் 2010-ல் அணைத்தார்கள். மாற்று ஏற்பாடு பற்றி இப்போது கவலைப்படுகிறார்கள்.

ரெய்னியர்_தெற்கு

அக்கா, ஐயா, இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. 4,500, 5,500 விஷயம் நான் யோசிக்கவே இல்லை. ஒரு சந்தேகம், வரைபடத்தை வடக்கு மேலே வைத்துப் பிடிப்பதா, போகும் திசை மேலே வைத்தா? தெற்கே போகும்போது எழுத்தெல்லாம் தலைகீழாக வரும். அப்புறம் நிஜமாகவே தொலைந்துவிட்டால்?

காற்றுமுக்கோணம்

போகும் திசை மேலே. எழுத்து தலைகீழாக இருந்தால் இருக்கட்டும், ஊர்ப்பெயரை முந்தின நாளே மனப்பாடம் செய்துவிடுங்கள். வலப்பக்கம் செஹாலிஸ் என்றால் தாளிலும் வலப்பக்கமே இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். கோட்டின் மேல் 10 மைலுக்கு ஒரு பென்சில் குறி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எதிர்பார்க்கும் நிமிஷம், கடந்ததும் உண்மையான நிமிஷம். 15 நிமிஷத்துக்கு ஒரு தரம் கைரோ திசைமானியைக் காந்தத் திசைகாட்டியோடு ஒத்துப் பாருங்கள், நேராகவும் ஒரே வேகத்திலும் பறக்கும்போது மட்டும். திரும்பும்போதும் வேகம் கூட்டும்போதும் காந்த முள் பொய் சொல்லும்.

தொலைந்தால் முதலில் ஏறுங்கள். தூரமும் தெரியும், ரேடியோவும் எட்டும். உடனே அந்தப் பகுதியின் ரேடார் கட்டுப்பாட்டாளரான சியாட்டில் அப்ரோச்சைக் கூப்பிட்டு, இருக்கும் இடம் தெரியவில்லை, மாணவ பைலட் என்று சொல்லுங்கள். ரேடாரில் பார்த்து ஹெடிங் தருவார்கள். அவர்கள் கிடைக்காவிட்டால் அவசர அலைவரிசை 121.5. வெட்கப்பட்டுக்கொண்டு எரிபொருளைத் தீர்க்காதீர்கள். தேர்விலும் தொலைந்தால் என்ன செய்வீர்கள் என்பது ஒரு பகுதி, அதனால் இதையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

இரட்டைத்திரை

சரி, விஓஆர் பக்கம் போய் மோர்ஸ் கேட்டுப் பார்க்கிறேன். ஐபேட் என் மடியில்தான் இருக்கும், அதை மாற்ற மாட்டேன்.

பழையமுள்

இருக்கட்டும் தம்பி, என் மடியிலும் ஒன்று இருக்கிறது. காற்றோட்டம் படும்படி வையுங்கள். @ரெய்னியர்_தெற்கு, சிமுலேட்டரில் ஜி1000-ஐ அணைத்துவிட்டு கெல்சோ வரை போய்ப் பாருங்கள், டொலீடோவை எத்தனை நிமிஷத்தில் கடந்தீர்கள் என்று இங்கே எழுதுங்கள்.