மேற்பெருஞ்சிரை அடைப்பு: அப்பாவுக்கு ஸ்டென்ட் வைக்கலாமா?

கேள்வி (மோல்மீனிலிருந்து):
அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 67. நாற்பது ஆண்டுகளாகச் சுருட்டுப் பிடித்தவர். மூன்று வாரமாகக் காலையில் எழும்போது முகமும் கழுத்தும் வீங்கியிருக்கின்றன. சட்டையின் மேல் பொத்தானைப் போட முடியவில்லை. கோயிலில் குனிந்து கும்பிட்டால் தலை வெடிப்பதுபோல் இருக்கிறது என்கிறார். ரங்கூனில் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, வலது நுரையீரல் கட்டி மேற்பெருஞ்சிரையை நெருக்குகிறது, ஸ்டென்ட் வைப்பது நல்லது என்றார்கள். பயாப்ஸி முடிவு இன்னும் வரவில்லை. இதயத்துக்குத்தான் ஸ்டென்ட் வைப்பார்கள் என்று நினைத்திருந்த எங்களுக்கு, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதால்தான் இப்படிச் சொல்கிறார்களோ என்று அச்சமாக இருக்கிறது.

மறுமொழி (ரங்கூன், செவிலி):
தம்பி, அப்படி நினைக்காதீர்கள். தலை, கழுத்து, கைகளிலிருந்து திரும்பும் இரத்தம் மேற்பெருஞ்சிரை என்ற அந்தப் பெரிய இரத்தக் குழாய் வழியாகத்தான் இதயத்துக்கு வருகிறது. அதன் சுவர் மெல்லியது என்பதால் பக்கத்தில் கட்டி வளர்ந்தால் எளிதில் நசுங்கிவிடும். பெரும்பாலும் தொடை இடுக்கை மரத்துப்போகச் செய்து, அங்குள்ள சிரை வழியாக மெல்லிய கம்பியை அடைப்புக்கு அப்பால் செலுத்தி, தானாக விரியும் உலோக வலைக்குழாயைப் பொருத்துவார்கள். அதுதான் ஸ்டென்ட். தலைப்பாரம் அன்றே குறையலாம். முக வீக்கம் பலருக்கு இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடும். கதிர்வீச்சுச் சிகிச்சையில் இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். ஸ்டென்ட் கட்டியைக் கரைக்காது. அதற்கான சிகிச்சை தனி. சிறுசெல் புற்றுநோய் (நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகை) அல்லது லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) என்று தெரிந்தால் கீமோவிலேயே அடைப்பு விரைவில் தளரக்கூடும். ஆகவே, அதிகத் தொல்லை இல்லாதவர்களுக்குப் பயாப்ஸி முடிவு வரும்வரை காத்திருப்பதும் உண்டு. ஆனால் மூச்சிழுக்கும்போது கரகரவென்று சத்தமோ, மயக்கமோ, பேச்சில் தடுமாற்றமோ வந்தால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.

மறுமொழி (பெகு):
என் அம்மாவுக்கு வைத்தார்கள். ஒரு மாதமாகக் கழற்ற முடியாமல் மணிக்கட்டை இறுக்கிக்கொண்டிருந்த வளையல், மறுநாள் காலையில் தானாகச் சுழன்றதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். நான்கு மாதம் கழித்து உள்ளே இரத்தம் உறைந்து வீக்கம் திரும்பியது. பலூன் வைத்து மீண்டும் திறந்தார்கள். எனவே இரத்தம் உறையாமலிருக்க என்ன மருந்து, எவ்வளவு காலம் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால், எக்ஸ்ரேயில் சிரை தெரிவதற்கான சாயத்தைச் செலுத்துவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்பா மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துதான் உறங்குகிறார். மேசையில் மல்லாந்து படுக்க முடியுமா?

மறுமொழி (செவிலி):
இதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்தும் செய்ய முடியும். மயக்க மருத்துவர் உடனிருக்கிறாரா என்றும் கேளுங்கள். அதுவரை தலையணைகளைக் குறைக்க வேண்டாம்.